அஞ்சறைப் பெட்டியில் ஓமம்

வெள்ளாறு கடலில் கலக்கும் நம் பரங்கிப்பேட்டையில் நண்டும் இறாலும் நிறையக் கிடைக்கும் நாளில் வயிற்றுக்கு ஓய்வு ஏது? இரவில் வயிறு உப்பினால் பாட்டி தேடுவது ஓமத்தைத்தான்.

ஓமம், சீரகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் காய்ந்த கனி. நாம் விதை என்கிறோம். அதன் காரமணத்திற்குக் காரணம் தைமால் என்னும் பொருள். முதல் உலகப் போருக்கு (1914) முன் தைமால் எடுப்பதற்காகவே ஜெர்மனி இந்திய ஓமத்தை வாங்கி வந்தது. போர் மூண்டதும் அவ்வணிகம் நின்றது.

மாணவியரே, செய்முறை எளிது. அரைத் தேக்கரண்டி ஓமத்தை இலேசாக வறுத்து, நசுக்கி, ஒரு தம்ளர் நீரில் மூடிபோட்டுக் கொதிக்க வையுங்கள். வடிகட்டி வெதுவெதுப்பாகப் பருகலாம். (காரம் பிடிக்காதவர்கள் பனைவெல்லம் சேர்க்கட்டும்.) மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும், மருந்துக் குணமும் அதனுடன் போகும். அந்த ஆவியையே குளிரவைத்துப் பிடித்தால் அது சித்த மருத்துவத்தின் ஓமத் தீநீர்.

கைக்குழந்தை வீறிட்டு அழுதால் ஓமநீர் புகட்டுவது பல வீடுகளில் வழக்கம். அது தவறு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வலது அடிவயிற்றில் வலி நிலைத்து, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வால் வீக்கமாக இருக்கலாம். அப்போது ஓமத்தை நம்பி விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.