எல்லைப்புற மலைநாடு: நிலமும் மக்களும் ஆட்சியும்

பட்டாணியர் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவது உயர்ந்த உருவமும் பெரிய தலைப்பாகையுந்தான். மலாயாவில் 1896இல் அமைக்கப்பட்ட மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் படையில் சீக்கியரோடும் பஞ்சாபி முஸ்லிம்களோடும் பட்டாணியரும் பணிபுரிந்தனர். எல்லைக் காந்தி என்று தமிழ் மக்கள் போற்றிய கான் அப்துல் கபார் கானும் அவ்வினத்தவரே. அந்த "எல்லை" எங்கே உள்ளது? அங்கு வாழ்வோர் யாவர்? அவர்களை ஆண்ட சட்டம் எத்தகையது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நிலம்

சிந்து நதிச் சமவெளிக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் இடையே வடக்கு தெற்காக நீண்டு கிடப்பது இம்மலைநாடு. பழங்குடிப் பகுதி எனப்பட்ட நிலத்தின் பரப்பு 27,220 சதுர கிலோமீட்டர். அதாவது நமது சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய முப்பத்தேழு மடங்கு. ஆயினும் 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கிருந்த மக்கள் சுமார் 50 லட்சமே. பெரும்பகுதி வறண்ட மலையாக இருப்பதே இதற்குக் காரணம்.

இந்நாட்டை அறிய ஆறுகளையும் கணவாய்களையும் அறிந்தால் போதும். காபூல், குர்ரம், தோச்சி, கோமல் ஆகிய ஆறுகள் மேற்கேயிருந்து மலையைப் பிளந்துகொண்டு கிழக்கே சிந்து நதியை நோக்கிப் பாய்கின்றன. பயிரும் ஊரும் அவற்றின் கரைகளில்தான். வணிகரும் படையெடுத்தோரும் சென்ற வழிகளும் அவையே. இவற்றுள் புகழ் பெற்றது கைபர் கணவாய். அதன் உச்சியிலுள்ள லண்டி கோத்தல் சுமார் 1,070 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1925இல் ஆங்கிலேயர் அங்கே 34 சுரங்கங்கள் வழியாக இரயில் பாதை அமைத்தனர்.

மக்கள்

வடக்கேயிருந்து தெற்கே வருவோமானால், பஜௌரில் தர்க்கானிகளும் உத்மான்கேல்களும், அடுத்து மொஹ்மந்தில் மொஹ்மந்துகளும் சாபிகளும் வாழ்கின்றனர். கைபரில் அப்ரீதிகளும் ஷின்வாரிகளும், அதற்குத் தெற்கே ஒரக்ஸாய் நாட்டில் ஒரக்ஸாய்களும், குர்ரமில் தூரிகளும் பங்கஷ்களும் உள்ளனர். வடக்கு வஜீரிஸ்தானத்தில் உத்மான்ஸாய் வஜீர்களும் தாவர்களும், தெற்கு வஜீரிஸ்தானத்தில் மஹ்சூத்களும் அஹ்மத்ஸாய் வஜீர்களும் வாழ்கின்றனர்.

இவர்களைச் சட்டமற்றவர்கள் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பிழையாகும். பஷ்தூன்வலி என்னும் எழுதப்படாத நெறி அவர்களுக்கு உண்டு. விருந்தினரை உபசரிப்பது மெல்மஸ்தியா. அடைக்கலம் வேண்டி வந்தவனைக் காப்பது நனவாதே. பழிக்குப் பழி வாங்குவது பதல். வழக்குகளை ஊர்ப் பெரியோர் கூடிய ஜிர்கா சபை தீர்த்தது. பதலால் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அழிந்ததும், சபையில் பெண்களுக்கு இடமில்லாதிருந்ததும் இந்நெறியின் குறைகளாகும். குறைகள் இருந்தன என்பதால் நெறியே இல்லை என்று சொல்வது முறையன்று.

ஆட்சி

1893இல் ஆங்கிலேய அதிகாரி டியூராண்டும் ஆப்கானிய அமீர் அப்துர் ரஹ்மானும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இம்மலைகளினூடே ஒரு கோடு கிழிக்கப்பட்டது. மொஹ்மந்துகள், வஜீர்கள் முதலிய கூட்டத்தார் இரு பக்கமும் பிரிந்துபோயினர். 1901இல் கர்ஸன் பிரபு வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் எல்லைக் குற்றங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் புதிதாக வகுக்கப்பட்டது.

மலைநாட்டை நேரடியாக ஆள்வதற்குப் பெரும் படையும் பொருளும் வேண்டும். ஆகவே சர்க்கார் மலிவான வழியொன்றைக் கையாண்டது. ஏஜென்ஸி ஒவ்வொன்றுக்கும் பொலிடிகல் ஏஜெண்ட் என்னும் அதிகாரி. அவருக்குக் கீழே மலிக் எனப்படும் கூட்டத் தலைவர்கள். மலிக்குகளுக்கு உதவித்தொகை கிடைக்கும். அதற்கு ஈடாகச் சாலையில் அமைதியைக் காப்பது அவர்கள் பொறுப்பு.

இச்சட்டத்தின் கடுமை கூட்டுப் பொறுப்பு என்னும் விதியிலே இருந்தது. செங்காங்கில் ஒரு புளோக்கில் குடியிருப்பவன் குற்றம் செய்துவிட்டு ஓடிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக அவனது உறவினர் அனைவரையும் சிறையில் வைத்து, கடைகளைப் பூட்டி, அந்தப் புளோக்கிலுள்ள எல்லோரிடமும் அபராதம் வாங்கினால் நாம் ஒப்புவோமா? மலைநாட்டில் அதுவே சட்டமாக இருந்தது. ஜிர்கா என்ற பெயர் இருந்தது. ஆனால் இச்சட்டத்தின் கீழ் அதன் உறுப்பினரை நியமித்தவர் ஏஜெண்டே. மேலே சென்று முறையிட உயர்நீதிமன்றமும் இல்லை.

1947இல் ஆங்கிலேயர் போயினர், சட்டம் போகவில்லை. 1973ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் அரசியல் சட்டத்தின் 247ஆம் பிரிவு, நீதிமன்றங்களின் அதிகாரம் இங்கே செல்லாது என்றது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1996இல்தான். அதுவரை வாக்களித்தவர் மலிக்குகளே. 2011இல் செய்த திருத்தத்தால் பெண்களும், 16 வயதுக்குட்பட்டோரும், 65 வயதைக் கடந்தோரும் கூட்டுத் தண்டனையிலிருந்து விடுபட்டனர். 2014இல் வடக்கு வஜீரிஸ்தானத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது லட்சக்கணக்கானோர் வீடு துறந்து வெளியேற நேர்ந்தது.

இறுதியாக 2018 மே மாதத்தில் அரசியல் சட்டத்தின் 25ஆம் திருத்தத்தால் ஏழு ஏஜென்ஸிகளும் கைபர் பக்தூன்குவா மாகாணத்தோடு இணைந்து மாவட்டங்களாயின. 117 ஆண்டுக் காலம் நீடித்த ஒழுங்குமுறைச் சட்டம் ஒழிந்தது. 2019 ஜூலையில் அம்மக்கள் முதன்முறையாக மாகாண சட்டசபைக்கு வாக்களித்தனர். தெற்கு வஜீரிஸ்தானம் 2022இல் இரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது

சட்டம் மாறியதும் துன்பம் நீங்கிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. குர்ரம் மாவட்டத்தின் மேற்பகுதியை மூன்று பக்கமும் ஆப்கானிஸ்தானம் சூழ்ந்துள்ளது. 2024 நவம்பரில் அங்கே பயணிகளின் வண்டித் தொடர் தாக்கப்பட்டது; கலகம் மூண்டு, பராச்சினாருக்குச் செல்லும் சாலை மாதக்கணக்கில் அடைபட்டது. உணவுக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்தனர். நீதிமன்றம் வந்தாலும், அதற்குச் செல்லும் சாலையில் அச்சமின்றி நடக்க முடிந்தால்தான் உரிமை உரிமையாகும். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனே பொறுப்பு என்னும் எளிய நீதிக்காக ஒரு மக்கள் கூட்டம் நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது என்பதே இப்பாடத்தில் நாம் மறவாதிருக்க வேண்டியது.

கேள்விகள்

1. இம்மலைநாட்டின் நான்கு ஆறுகள் எவை? ஊர்கள் அவற்றின் கரையில் அமைந்தது ஏன்?
2. கைபரிலும் குர்ரமிலும் வாழும் கூட்டத்தார் யாவர்?
3. பழைய ஜிர்காவுக்கும் 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழிருந்த ஜிர்காவுக்கும் என்ன வேறுபாடு?
4. 2018இல் ஏற்பட்ட மாறுதல் யாது?