சட்டப்படி பாதுகாவலராக வக்கீல் வேண்டுமா?

பெற்றோரை இழந்த பேத்திக்கோ, தம்பி மகனுக்கோ பாதுகாவலராக நீதிமன்ற உத்தரவு தேவையா? வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே மனுப் போடலாம்.

1. குழந்தை வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தை அணுகுங்கள். 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு.

2. குழந்தையின் பிறந்த தேதி, முகவரி, சொத்து, நெருங்கிய உறவினர் விவரங்களை விடாமல் எழுதுங்கள். சட்டம் இவற்றைக் கேட்கிறது.

3. பாதுகாவலராக இருக்க நீங்கள் தரும் சம்மதக் கடிதத்தில் இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குங்கள். இதுவும் மனுவோடு இருக்க வேண்டும்.

4. உறவினர் எதிர்த்தாலோ, குழந்தையின் வீடு, நிலத்தை விற்க நேர்ந்தாலோ வக்கீல் வையுங்கள். நீதிமன்ற அனுமதி பெறாத விற்பனை பின்னாளில் செல்லாமல் போகலாம்.

5. பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

6. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர் 18 வயதைக் கடந்துவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும்.

7. குழு உங்களை நியமித்த 6 மாதத்துக்குள், உங்கள் பொறுப்பில் உள்ளவரின் சொத்துப் பட்டியலை அந்தக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் சட்டக் கடமை, அவருக்கும் பாதுகாப்பு.