பாதிவழியில் திரும்பிய யோவான்



நம் பங்கிலிருந்து ஒரு குழு தொலைதூரத்துக் கிராமமொன்றிற்கு மறைபரப்புப் பணிக்காகப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் திருப்பலி, பங்குத்தந்தையின் ஆசீர், வாகனத்தில் செபமாலை, பாட்டு. எல்லாம் நன்றாகவே தொடங்கும். ஐந்தாறு மணி நேரம் சென்றபின் வெயில் ஏறும். ஒருவருக்கு வாந்தி, இன்னொருவருக்கு இருக்கை போதவில்லை. "ஏன்தான் வந்தோமோ" என்று ஒருவர் வாய்விட்டே சொல்லிவிடுவார். அடுத்தமுறை அவரைச் சேர்ப்பதா, விடுவதா என்ற பேச்சு, வீடு வந்து சேருமுன்பே தொடங்கிவிடும்.

இது இன்று நேற்று வந்த சங்கடமன்று. புனித சின்னப்பரின் முதலாம் மறைபரப்புப் பயணத்திலேயே இது நேர்ந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் 13, 14, 15ஆம் அதிகாரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அனுப்பியது சபை

இப்பயணம் நடந்தது ஏறக்குறைய கி.பி. 46க்கும் 49க்கும் இடைப்பட்ட காலத்தில். சீரியாவின் அந்தியோக்கியா நகரிலிருந்த விசுவாசிகள் நோன்பிருந்து, செபித்து, கைகளை விரித்து பர்னபாசையும் சின்னப்பரையும் அனுப்பினார்கள். உதவிக்குச் சென்றவர் மாற்கு என்னும் யோவான். யெருசலேமில் விசுவாசிகள் கூடிச் செபித்த வீடொன்றின் தலைவியான மரியாளின் மகன் இவர். பர்னபாசுக்கு நெருங்கிய உறவினர்.

முதலில் கடல்வழியாகச் சைப்பிரஸ் தீவு. அது பர்னபாசின் சொந்த நாடு. கிழக்கே சாலமியிலிருந்து மேற்கே பாப்போ வரை தீவு முழுவதையும் கடந்தார்கள். பின்னர் மீண்டும் கப்பலேறி, இன்றைய துருக்கியின் தென்கரையிலுள்ள பெர்கா நகரை அடைந்தார்கள்.

மலைக்கு முன்னால்

பெர்காவுக்கு வடக்கே தவுருஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அவர்கள் அடுத்துச் சென்ற பிசிதியாவின் அந்தியோக்கியா, மலைக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. ஏறக்குறைய நமது பண்டாரவளையின் உயரம். இடைவழி 150 கிலோமீற்றருக்கும் அதிகம். ஆற்று வெள்ளத்தாலும் கள்வராலும் தமக்கு வந்த ஆபத்துக்களைச் சின்னப்பரே பின்னாளில் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அடுக்கிச் சொல்கிறார். அக்காலத்து நெடும்பயணம் எத்தகையது என்பதை அதிலிருந்து அறியலாம்.

பெர்காவில்தான் மாற்கு அவர்களை விட்டு யெருசலேமுக்குத் திரும்பினார். ஏன்? அச்சமா, நோயா, வீட்டு நினைவா? லூக்கா காரணம் எழுதவில்லை. ஒரு குறைச்சொல்லும் சேர்க்கவில்லை. ஒருவன் திரும்பிப் போனதைச் சொல்லவேண்டிய இடத்திலும் அவன் பெயரைக் கெடுக்காமல் சொல்லலாம் என்பது நமக்கு முதற்பாடம்.

கல்லெறிந்த ஊருக்கே

மற்ற இருவரும் மலையேறினார்கள். பிசிதியாவில் துரத்தப்பட்டார்கள். இக்கோனியாவிலிருந்து தப்பி ஓடினார்கள். லீஸ்திராவில் சின்னப்பரைக் கல்லாலெறிந்து, இறந்துவிட்டாரென்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். கடைசியாகத் தெர்பை. அங்கிருந்து கிழக்கே சென்றால் சின்னப்பரின் பிறந்த ஊரான தார்சு. அதைத் தாண்டினால் சீரியா. ஆனால் அவர்கள் வந்த வழியே, கல்லெறிந்த ஊருக்கே திரும்பினார்கள். புதிய விசுவாசிகளைத் திடப்படுத்தாமல் வீடு செல்ல அவர்களுக்கு மனமில்லை.

இருவர் தீர்ப்பு

இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். இரண்டாம் பயணத்திற்கு ஆயத்தமானபோது, மாற்குவையும் அழைத்துச் செல்வோம் என்றார் பர்னபாஸ். பாதிவழியில் விட்டுப்போனவன் வேண்டாம் என்றார் சின்னப்பர். வாக்குவாதம் முற்றி இருவரும் பிரிந்தனர். பர்னபாஸ் மாற்குவுடன் சைப்பிரசுக்குப் போனார்; சின்னப்பர் சீலாவுடன் தரைவழியே சென்றார். கல்லெறிந்தவர்களின் ஊருக்குத் திரும்பிச் செல்லத் துணிந்தவருக்கும், கைவிட்டுப்போன தோழனை மீண்டும் சேர்த்துக்கொள்வது எளிதாக இருக்கவில்லை!

சின்னப்பர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆபத்தான பாதையில் நம்பத்தக்க துணை வேண்டும். பர்னபாசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருமுறை தவறியவனுக்கு யாராவது ஒருவர் மறுவாய்ப்பு அளிக்கவேண்டும். காலம் இருவருக்கும் விடை சொன்னது. கொலோசையர் நிருபத்தில் மாற்கு சின்னப்பரின் உடனிருக்கிறார். அவரை நன்கு வரவேற்கும்படி கேட்கப்படுகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், பணிக்குப் பயன்படுபவர் என்று சொல்லி, மாற்குவை அழைத்து வரும்படி வேண்டுகிறார். நற்செய்திகளுள் மிகச் சுருக்கமானது இந்த மாற்குவின் பெயராலேயே வழங்குகிறது என்பது திருச்சபையின் பாரம்பரியம்.

நம் நாட்டிலும் ஒரு யோவான்

கோவாவிலிருந்து 1686இல் புறப்பட்டு, தென்னிந்தியக் கரையோரமாக நெடுந்தூரம் பயணஞ்செய்து, 1687இல் மாறுவேடத்தில் இலங்கை வந்த புனித யோசேவ் வாஸ் முனிவருக்கும் யோவான் என்னும் துணைவர் இருந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலம் அது. முனிவர் 1692இல் கண்டியில் சிறைப்பட்டபோது அவரும் உடன் சிறையிருந்தார். ஒரு யோவான் இறுதிவரை நின்றார். மற்ற யோவான் விழுந்து எழுந்தார். இருவரையும் ஆண்டவர் பயன்படுத்தினார்.

ஆகவே, வாசகரே, உங்கள் பங்குக் குழுவில் சென்ற பயணத்தோடு நின்றுவிட்டவர் யார்? மரியாயின் சேனையிலோ இளைஞர் மன்றத்திலோ பாதியில் விலகியவர் யார்? அவர் வீட்டுப் படலை உங்களுக்குத் தெரியும். தொலைதூரத்துக் கிராமத்துக்குப் புறப்படுமுன் அந்த வீடுவரை நடந்து செல்லுங்கள். காரணம் கேட்கவேண்டாம். "இம்முறை எங்களோடு வாருங்கள்" என்று மட்டும் அழையுங்கள். உங்கள் மறைபரப்புப் பயணம் அங்கே தொடங்கட்டும்.

சிந்திக்க:

1. நம் குழுவில் பர்னபாசாக இருப்பவர் யார்?

2. பாதியில் திரும்பியவரைப் பற்றி நாம் பேசுவது எவ்விதம்?

3. நாம் பாதிவழியில் திரும்பிய வேளையில், நம்மை மீண்டும் அழைத்தவர் யார்? அவருக்கு நன்றி சொன்னோமா?