முதுமையில் முழங்கால் தசைநார்க் கிழிவு: அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை?

ஈரத் தரையில் வழுக்கி விழுந்த முதியவர் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது. ‘முன் சிலுவைத் தசைநார் கிழிந்துள்ளது’ என்று அறிக்கை வருகிறது. ‘கிழிந்ததைச் சரிசெய்தே ஆக வேண்டும்’ என்கிறார் மகன். ‘இந்த வயதில் கத்தி வைக்கலாமா?’ என்று அஞ்சுகிறார் மனைவி. உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது அறிக்கை மட்டுமன்று, வயதும் மட்டுமன்று. நடக்கும்போது முழங்கால் நிலைகொள்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

முழங்காலில் நான்கு முதன்மைத் தசைநார்கள் உள்ளன. பேச்சுவழக்கில் இவற்றை ஜவ்வு என்கிறோம். பக்கங்களில் இரண்டும், மூட்டினுள் சிலுவைபோல் குறுக்கிட்டு இரண்டும் அமைந்துள்ளன. உட்பக்கத் தசைநார்க் காயம் பெரும்பாலும் முழங்கால் பிரேஸ் அணிவதாலேயே ஆறிவிடும். முன் சிலுவைத் தசைநார் முழுமையாக அறுந்தால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆயினும், தொடைத் தசைகள் வலுப்பெற்றால் முதியோர் பலர் அன்றாட வேலைகளை இடரின்றிச் செய்ய முடியும். எனவே, சில மாத இயன்முறைப் பயிற்சியே பெரும்பாலும் முதற்படி.

பயிற்சிக்குப் பின்னும் படி இறங்கும்போதோ திரும்பும்போதோ கால் மடங்கி விழச் செய்தால், அறுவை சிகிச்சையை எண்ணிப் பார்க்கலாம். முதுமையில் மீண்டும் விழுவது இடுப்பு எலும்பு முறிவில் முடியக்கூடும். பல தசைநார்கள் ஒருங்கே அறுந்தாலோ, மூட்டு நீட்ட முடியாதபடி பூட்டிக்கொண்டாலோ விரைந்து மருத்துவரைக் காண வேண்டும்.

குருத்தெலும்பு மிகுதியாகத் தேய்ந்திருந்தால், புதிய தசைநார் வலியைத் தீர்க்காது. அத்தகையோருக்கு மூட்டு மாற்று சிகிச்சை பொருத்தமாகலாம். ஆகவே, நின்ற நிலையில் எடுக்கும் எக்ஸ்ரே இன்றியமையாதது.

முன் சிலுவைத் தசைநார் அறுவை சிகிச்சையில் கிழிந்த நார் பெரும்பாலும் தைக்கப்படுவதில்லை. தொடையின் பின்புறத்திலிருந்தோ வேறிடத்திலிருந்தோ எடுத்த தசைநாண், சிறு துளைகள் வழியே அதன் இடத்தில் பொருத்தப்படும். வீக்கம் வடிந்து, கால் முழுமையாக நீளும் நிலையில் செய்வது நன்று. பொருத்திய நார் முதிர்ச்சியடைய 9 மாதங்களுக்கு மேலாகும். அதுவரை பயிற்சியைக் கைவிடலாகாது.

சிகிச்சைக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் கொணர வேண்டும். புகைப்பழக்கத்தை நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துதல் கூடாது. சிகிச்சைக்குப் பின் கெண்டைக்காலில் வலியுடன் வீக்கம், காய்ச்சல், காயத்தில் சீழ் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வருக. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்க வேண்டா.

மருத்துவரைக் காணும்போது மூன்றைக் கேளுங்கள்: என் முழங்காலில் தேய்மானம் எவ்வளவு? பயிற்சியால் மட்டும் நிலைபெறுமா? சிகிச்சைக்குப் பின் வீட்டில் எத்தனை வாரம் துணை வேண்டும்? இவற்றிற்கான விடைகளை அறிந்தபின் குடும்பத்தார் கூடி முடிவெடுப்பதே நலம்.