சென்ற மடலும் சேர்ந்த மடலும்

கடிதத்தை அனுப்புதல் ஒரு செயல். அஃது உரியவர் கையிற் சேர்தல் வேறொரு செயல். மனிதர் எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வாராவிடின், எழுதியவர் ஐயுற்று மீண்டும் எழுதுவர். இயந்திரமோ ஐயுறுவதில்லை, படிப்பாரின்றியும் ஆண்டுக்கணக்காக எழுதிக்கொண்டேயிருக்கும். கணினிச் சேவையகம் தானே எழுதியனுப்பும் மின்மடல்களை யார் பெறவேண்டும், பெறுவோர் பட்டியலை எங்ஙனம் பேணவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டகொடை முதலிய தோட்டப்புறங்களில் வளர்ந்தோருக்கு இப்பொருள் புதியதன்று. லயத்து அறைகளுக்குத் தனித்தனி முகவரி இன்மையால், பெயர், பிரிவு, தோட்டம் என எழுதப்பட்ட கடிதம் தோட்ட அலுவலகத்தை அடைந்து, அங்கிருந்தே பகிரப்படும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அலுவலகத்தை அடைந்த கடிதம் லயத்தை அடைந்ததா என்பது வேறு வினா. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் இளைஞன் கைக்கு வருமாயின், அது வாராமைக்கே ஒப்பாகும்.

சேவையகத்திலும் நிலைமை இதுவே. யுனிக்ஸ் வழிவந்த சேவையகங்களிற் குறித்த நேரத்திற் குறித்த பணியைச் செய்விக்கும் ஏவலாளாக விளங்குவது 'கிரோன்' என்னும் நிரலாகும். நள்ளிரவில் ஏடுகளைப் படியெடுத்து வைத்தல் போன்ற பணிகளை அது நடத்தும். பணியினின்று ஏதேனும் செய்தி வெளிப்படின், அதனை மடலாக்கி, எவர் கணக்கில் அப்பணி நடைபெற்றதோ அவருக்கே அனுப்பும். 'மெயில்டு' என்னும் வரியில் வேறு முகவரி குறிக்கப்பட்டிருப்பின் அங்கே அனுப்பும். அவ்வரி வெறுமையாக விடப்பட்டிருப்பின் ஒருவருக்கும் அனுப்பாது. முக்கிய பணிகள் பலவும் 'ரூட்' எனப்படும் தலைமைக் கணக்கில் நடைபெறுவதால், வேறு ஏற்பாடு செய்யாவிடின் மடல்கள் சேவையகத்தினுள்ளேயே இருக்கும் ரூட்டின் பெட்டியிற் குவிந்து கிடக்கும். அப்பெட்டியைத் திறந்து பார்ப்போர் மிகச் சிலரே.

இதற்குப் பரிகாரம் மாற்றுப்பெயர்ப் பட்டியலாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் எரிக் ஆல்மன் ஆக்கிய 'செண்ட்மெயில்' இம்முறையைப் பரப்பியது. ஒரு பெயருக்கு வரும் மடலை எவரெவருக்கு அனுப்பவேண்டும் என்பதை அப்பட்டியலின் ஒரு வரி கூறும். ஆள் மாறும்போது அவ்வரியை மட்டும் திருத்தினாற் போதும். நூறு பணிகளைத் தேடித் திருத்தவேண்டியதில்லை. ஆயினும், திருத்தியபின் 'நியூஅலையசஸ்' என்னும் கட்டளையை இடாவிடின், சேவையகம் பழைய பட்டியலையே பின்பற்றும். இதனை மறப்போர் பலர்.

பதவிக்கு எழுதுக, ஆளுக்கு எழுதற்க என்பது இத்துறையின் முதல் விதி. மின்மடல் அனுப்பும் ஒவ்வோரிடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் பெயருக்கு வரும் மடல் ஏற்கப்படவேண்டுமென 1982ஆம் ஆண்டின் மின்மடல் நெறிமுறை வகுத்தது. இத்தகைய பதவிப்பெயர்கள் பலவற்றை 1997இல் வெளிவந்த மற்றொரு நெறிமுறை தொகுத்துரைத்தது. தபாலதிபர் மாறுவார், தபாலதிபர் என்னும் பதவி மாறாது. பணியினின்று விலகிச் சென்றவரின் சொந்த முகவரிக்கு எச்சரிக்கைகளை அனுப்பிவரும் நிறுவனம், பூட்டிய வீட்டின் கதவைத் தட்டுவோனை ஒக்கும்.

பட்டியல் செம்மையாயிருப்பினும் மடல் வழியில் தடைப்படக்கூடும். 2017 ஜனவரி 31ஆம் நாள் 'கிட்லாப்' என்னும் நிறுவனத்திற் பணியாளர் ஒருவர் தவறுதலாக மூலத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்பட்டிருக்கவேண்டிய படிகளைத் தேடியபோது அவை இல்லை. படியெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாமையால் அப்பணி முன்னரே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மடல்களைக் கிரோன் அனுப்பவே செய்தது. எனினும், அனுப்புநரின் மெய்ம்மையைச் சோதிக்கும் 'டிமார்க்' முறைக்கு அவை இணங்காமையாற் பெறும் சேவையகம் அவற்றை ஏற்கவில்லை. வேறொரு காரணத்துக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த படியொன்றே அவர்களைக் காத்தது. ஆயினும் ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு இழக்கப்பட்டது. அந்நிறுவனமே இவ்வரலாற்றை மறைக்காது வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்றுண்டு: மௌனம் நலத்தின் சான்றன்று. யாவும் நன்றாயிருப்பினும் மடல் வாராது. மடல் அனுப்பும் பொறியே பழுதுற்றாலும் மடல் வாராது. தோட்டத்திற் காலைப் பெரட்டிற் பெயர் கூப்பிடுவதாலன்றோ வராதவர் யாரென அறிகின்றோம்? அதுபோல், படியெடுப்பு நிறைவேறியதென்னும் மடல் நாள்தோறும் வரவேண்டும். வாராத நாளில் வேறொரு பொறி குரல் கொடுக்கவேண்டும். பெறுவோர் இருவரேனும் இருத்தல் நன்று. எனினும், இருபதின்மருக்கு அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பாரென்று வாளாவிருப்பர். சிறு செய்திகளைப் பெருஞ்செய்திகளோடு கலந்தனுப்பினால், நாளடைவில் இரண்டும் படிக்கப்படாமற் போகும்.

யாவற்றினும் மேலாக, பெறுபவர் செயலாற்ற வல்லவராதல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் தெரிவித்தது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, ஆயினும் மக்கள் அன்று காலையிலும் அந்த லயங்களிலேயே இருந்தனர். மின்மடலன்று அது; எனினும் பெறுவோர் பட்டியல் பற்றிய வினா அங்கும் ஒன்றே. இச்செய்தியைக் கண்டு எழுந்து செயற்படவேண்டியவர் எவர்? அவர் படிக்கக்கூடிய மொழியில் அது சென்றதா?

பழைய மாணவர் சங்கங்களும் இன்று தானியங்கு மடல்களாலேயே உறுப்பினரை அழைக்கின்றன. நம்மவர் பல நாடுகளிற் பரந்து வாழ்கின்றனர், முகவரிகள் மாறுகின்றன. செயலாளர் மாறும் ஒவ்வொரு முறையும் பட்டியலை ஒப்புநோக்குக. திரும்பிவரும் மடல்களை ஒருவர் பார்வையிடுக. ஆண்டுக்கொருமுறையேனும் சோதனை மடலொன்றை அனுப்பி, கிடைத்ததென்னும் மறுமொழியைப் பெறுக. அனுப்பியதோடு கடமை முடிந்ததெனக் கருதாது, சேர்ந்ததை உறுதிசெய்பவரே செய்தியறிவித்தவராவார்.