பச்சைப் பிள்ளையின் இரத்தமும் நாம் கொடுக்கும் மருந்தும்

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் ஊவாவில் பல குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் இழந்தன. இப்படி இடம்பெயர்ந்து தங்கும் இடங்களில் உடுப்பைப் போல மருந்தும் கைமாறுவதுண்டு. இதனால் பச்சைப் பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்தை இப்பாடத்தில் படிப்போம்.

செங்குழியத்தின் காவல்

இரத்தத்திலுள்ள செங்குழியம் சீனிச்சத்தினாலேயே வாழ்கிறது. அதில் ஒரு பங்கைக் கொண்டு தன் சுவரைக் காக்கும் பொருளை உண்டாக்குகிறது. இதற்கு ஜீ-6-பீ-டீ என்னும் நொதியம் வேண்டும். சிலருக்குப் பிறப்பிலேயே இது குறைவு. தாய்வழி வரும் இக்குறை ஆண் பிள்ளைகளிலேயே அதிகம் வெளிப்படும். மலேரியா பரவியிருந்த நாடுகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. பரம்பரைக் குறையோ அத்துடன் மறைந்துவிடாது.

மருந்து செய்யும் கேடு

கோட்ரைமொக்சசோல் என்னும் சல்பா மருந்து, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டொயின் போன்ற சில அன்டிபயட்டிக்குகள் இக்குறையுள்ள செங்குழியங்களை உடைக்கக்கூடும். தாய் விழுங்கினால் பாலிலும் சிறிது சேரும். உடுப்புக்குள் வைக்கும் பூச்சி உருண்டையும் இதே கேட்டைச் செய்யும்.

குழியம் உடையும்போது மஞ்சள் நிறப் பொருள் பெருகுகிறது. பிறந்த பிள்ளையின் முதிராத ஈரல் அதை விரைவில் அகற்றாது. அளவு மிஞ்சினால் அது மூளையைத் தாக்கும்; செவிப்புலன் கெடும், உயிரும் போகலாம். சல்பா மருந்தோ, இக்குறை இல்லாத பிள்ளையிலும் அப்பொருள் மூளைக்குச் செல்ல வழிவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. மிஞ்சிய குளிசையையோ பாணி மருந்தையோ பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

2. பாலூட்டும் தாய் மருந்து எடுக்கும்போது பிள்ளையின் வயதைச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இக்குறையோ, குழந்தைப் பருவத்தில் கடும் செங்கண்மாரியோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

3. பூச்சி உருண்டை மணக்கும் உடுப்பைப் பிள்ளைக்கு உடுத்த வேண்டாம்.

4. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தால், பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், சிறுநீர் பிளேன்டீ நிறமானால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம். வெயில் காட்டிக் காத்திருப்பது ஆபத்து. அங்கு நீல ஒளிச் சிகிச்சை உண்டு.

அன்டிபயட்டிக் எல்லாம் நஞ்சல்ல. பச்சைப் பிள்ளைக்குத் தொற்று வந்தால் அதுவே உயிர்காக்கும். வைத்தியர் பிள்ளையைப் பார்த்துத் தரும் மருந்தை மறுக்கவும் கூடாது, இடையில் நிறுத்தவும் கூடாது.

கலந்துரையாடுவோம்: நாம் தங்கியிருக்கும் இடத்தில் பச்சைப் பிள்ளைகள் எத்தனை பேர்? இரவில் ஒரு பிள்ளைக்கு மஞ்சள் கண்டால், வாகனத்துக்கு யாரை எழுப்புவது?