விலையை ஒப்பிடச் சொல்லிக் கொடுப்போம்



எங்கள் ஊரில் முதியோர் கல்வி மாலை வகுப்பு நடக்கிறது. 1990களில் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர்களும், அந்த வாய்ப்புக் கிட்டாதவர்களும் அதில் படிக்கிறார்கள். மளிகைக் கணக்குச் சொல்லித் தரும்படி ஆசிரியை என்னை அழைத்தார். அங்கே நான் கற்றுக்கொண்டதை உறுப்பினர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போட்டால் தாய்மார்கள் மிரளுகிறார்கள். மனக்கணக்கிலோ கெட்டிக்காரர்கள். ஆகவே அந்த வழியிலேயே போனேன். கீழே உள்ள விலைகள் உதாரணத்திற்காக மட்டும்.

1. இரட்டிப்புக் கணக்கு: டீத்தூள் 50 கிராம் 25 ரூபாய். 100 கிராம் 50, 200 கிராம் 100 என்று அவர்களே சொன்னார்கள். 200 கிராம் பாக்கெட் 80 ரூபாய்தான். சிறு பாக்கெட்டாக வாங்கினால் 20 ரூபாய் கூடுதல்.

2. பத்து கிராம் கணக்கு: 200 கிராம் 80 ரூபாய் என்றால் 10 கிராம் 4 ரூபாய். பக்கத்தில் இன்னொரு பாக்கெட் 76 ரூபாய். மலிவு என்று கை போகும். எடையைப் பார்த்தால் 180 கிராம். பதினெட்டு நான்கு 72தானே வரவேண்டும்!

3. லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல: ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். லிட்டர் 182 ரூபாய் என்றால் கிலோவுக்கு 200 ஆகிறது. கிலோ 195 என்று விற்பதே மலிவு.

4. அலகு விலை: பொட்டலப் பொருட்கள் விதிகளில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராமின் விலையும் அச்சிடப்படுகிறது. மேற்சொன்ன டீத்தூளுக்கு முறையே 0.50, 0.40, 0.42 என்று இருக்கும். அந்தச் சிறிய எழுத்தைத் தேடிப் படிக்கப் பழக்கினால் போதும்.

பாடம் முடிந்ததும் ஒரு அம்மா எழுந்தார். "கணக்குப் புரியுது அண்ணாச்சி. கையில இருக்கிறது இருபத்தஞ்சு ரூவாதானே, நான் எப்படிப் பெரிய பாக்கெட் வாங்குறது?" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றாடக் கூலிக்காரர் அதிக விலை கொடுப்பது அறியாமையால் மட்டும் அல்ல.

இதற்குப் பதில் நம் தராசில் இருக்கிறது. பருப்பு, சீரகம், கடுகு, மிளகு போன்றவற்றை 50 கிராம் கேட்டாலும் கிலோ விலைக் கணக்கிலேயே நிறுத்துக் கொடுக்கலாம். பாக்கெட் சரக்கானால், இரண்டு வீட்டார் சேர்ந்து பெரியதாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லலாம். கடை வாசலில் கிலோ விலையையும் 100 கிராம் விலையையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

"கணக்குத் தெரிந்தால் பேரம் கூடுமே" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். என் அனுபவம் வேறு. ஒப்பிடத் தெரியாதவர் பளபளப்பையும் தள்ளுபடிப் பலகையையும் கண்டு பெரிய கடைக்குப் போய்விடுவார். ஒப்பிடத் தெரிந்தவர் நம் விலை நியாயமாக இருந்தால் நம்மிடமே திரும்பி வருவார். நியாயமாக இல்லையென்றால் திருந்த வேண்டியது நாம்தான்.

உங்கள் ஊரிலும் இத்தகைய வகுப்பு இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலி பாக்கெட்டுகளையும் தராசையும் எடுத்துச் செல்லுங்கள். வேறு பாடப்புத்தகம் தேவையில்லை.